ரேஞ்சர்ஸ் கடைசி டிவிஷனில் ஆடிய வருஷம்: மற்ற ஒன்பது கிளப்புகளுக்கு என்ன கிடைத்தது?

கேள்வி இது: "2012-13-ல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் ஸ்காட்லாந்துக் கால்பந்தின் கடைசி டிவிஷனில் ஆட வேண்டி வந்ததாமே. அங்கே இருந்த குட்டி கிளப்புகளுக்கு அது லாட்டரி அடித்த மாதிரிதானே? மேட்ச் எல்லாம் ஒருபக்கமாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?"

லாட்டரி என்று சொல்ல மாட்டேன். ஊரில் தேர்த்திருவிழா வந்த மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் இரண்டே நாள். ஒருபக்கம் என்பதைப் பொறுத்தவரை, புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மைதானத்தில் நின்று பார்த்தவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். அந்த சீசனை எல்லோரும் ரேஞ்சர்ஸின் வீழ்ச்சியும் எழுச்சியுமாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மற்ற ஒன்பது கிளப்புகளின் பக்கமிருந்து சொல்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. ரேஞ்சர்ஸ் அதற்குள் 54 முறை ஸ்காட்லாந்து லீக் பட்டம் வென்றிருந்த கிளப். 2011 மே மாதம் அதன் உரிமையாளர் டேவிட் மர்ரியிடமிருந்து கிரெய்க் வைட் என்ற தொழிலதிபர் அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். (அடித்தல் திருத்தம் இல்லை, ஒரு பவுண்டுதான். கடன் கூடவே வந்தது.) 2012 பிப்ரவரி 14 அன்று கிளப்பை நடத்திய கம்பெனி திவால் நிர்வாகத்துக்குள் போனது. கடன்காரர்களோடு சமரசம் பேசிப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் வரித்துறை ஒப்புக்கொள்ளவில்லை. பழைய கம்பெனி கலைப்பை நோக்கிப் போக, சொத்துகளையும் கிளப்பையும் சார்லஸ் கிரீன் தலைமையிலான குழு 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இது பழைய கிளப்பா, புது கிளப்பா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. கிளாஸ்கோவில் எந்த டீக்கடையில் இதை ஆரம்பித்தாலும் டீ ஆறிவிடும். நான் அதற்குள் போகவில்லை.

ஜூலை 4 அன்று பிரீமியர் லீக் கிளப்புகள் கூடி, புது கம்பெனிக்கு மேலே இடம் கிடையாது என்று முடிவெடுத்தன. பன்னிரண்டில் பத்து எதிர்ப்பு. கில்மார்னாக் ஓட்டுப் போடவில்லை. ஆதரவு ரேஞ்சர்ஸின் சொந்த ஓட்டு மட்டும். அடுத்து, கீழே இருக்கும் மூன்று டிவிஷன்களின் 30 கிளப்புகளிடம் பந்து வந்தது. கால்பந்து சங்கத்தின் பெரிய மனிதர்களுக்கு ரேஞ்சர்ஸை முதல் டிவிஷனில், அதாவது மேலிருந்து இரண்டாம் படியில், வைத்துவிட வேண்டும் என்று ஆசை. இல்லாவிட்டால் டிவி பணம் போய்விடும், எல்லோரும் பட்டினி கிடப்பீர்கள் என்று பயமுறுத்தினார்கள். ரெய்த் ரோவர்ஸ் தலைவர் டர்ன்புல் ஹட்டன், தேசிய மைதானமான ஹாம்ப்டனின் படிக்கட்டில் நின்றபடியே, எங்களை மிரட்டுகிறார்கள் என்று கேமரா முன்னால் போட்டு உடைத்தார். ஜூலை 13 அன்று ஓட்டெடுப்பு. 30-ல் 25 கிளப்புகள், புதுசாக வருகிறவர்கள் எல்லோரையும் போல அடியிலிருந்து தொடங்கட்டும் என்று சொல்லிவிட்டன. பெயரில் அது மூன்றாம் டிவிஷன். கணக்கில் நாலாம் படி. காசு வேண்டாம், நியாயம் வேண்டும் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு ஐந்நூறு பேர் வந்தாலே சந்தோஷப்படுகிற கிளப்புகள். உங்கள் 'லாட்டரி' கேள்விக்கு பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

யார் அந்த ஒன்பது பேர்? பீட்டர்ஹெட், குயின்ஸ் பார்க், பெர்விக் ரேஞ்சர்ஸ், எல்ஜின் சிட்டி, மான்ட்ரோஸ், ஸ்டர்லிங் ஆல்பியன், ஆனன் அத்லெடிக், கிளைட், ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர். பத்து அணி என்பதால் ஒவ்வொருவரும் மற்றவரோடு நான்கு முறை மோத வேண்டும், இரண்டு சொந்த ஊரில், இரண்டு வெளியூரில். மொத்தம் 36 ஆட்டம். ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். செவ்வாய், வியாழன் சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச், நடுவில் பஸ். வடக்கே எல்ஜினிலிருந்து தெற்கே ஆனனுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பி, 90 நிமிஷம் ஆடி, ராத்திரி வீடு வந்து சேர்ந்து, திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

இவர்களில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயரைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களைப் புரிந்துகொள்வது சுலபம். 1974-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் முதன்முதலாக மேனேஜர் ஆனது இங்கேதான். 2000-களின் தொடக்கத்தில் ஆட்டக்காரருக்கு வாரக்கூலி பத்து பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2003-04 சீசனில் 36 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு டிரா, 32 தோல்வி, எட்டே புள்ளி. ஐந்து வருஷம் தொடர்ந்து கடைசி இடம். அப்போது கீழே தள்ளும் வழியே லீக்கில் இல்லை. அதனால் கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி உட்காரலாம். 2012-ல் இவர்களுக்குச் சொந்த மைதானம்கூடக் கிடையாது, பக்கத்து ஊர் ஸ்டென்ஹவுஸ்மியூரில் குடக்கூலி. 2012 ஆகஸ்ட் 18 அன்று, ரேஞ்சர்ஸ் தங்கள் சொந்த மைதானமான ஐப்ராக்ஸில் ஆடிய அந்த சீசனின் முதல் லீக் ஆட்டத்துக்கு எதிரணியாக வந்தவர்கள் இவர்கள். பார்க்க வந்தவர்கள் 49,118 பேர். உலகத்தில் எந்த நாட்டிலும் நாலாம் படி ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அத்தனை கூட்டம் வந்ததில்லை. 5-1 என்று தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு கோலை அடித்தார்களே.

அந்த 49,118 பேரின் டிக்கெட் பணத்தில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்குக் காலணா கிடையாது. ஸ்காட்லாந்து லீக்கில் வசூல் சொந்த மைதானக்காரருக்கே. ஐப்ராக்ஸில் அந்த வருஷம் சராசரியாக 45,000 பேர் உட்கார்ந்தார்கள். அது முழுக்க ரேஞ்சர்ஸ் கல்லாவுக்குப் போனது. சின்ன கிளப்புக்கு வருமானம் என்றால், ரேஞ்சர்ஸ் தங்கள் ஊருக்கு வரும் இரண்டு நாள்தான். என் உத்தேசக் கணக்கைச் சொல்கிறேன். வழக்கமாக 450 பேர் வருகிற கிளப் என்றால், 18 சொந்த ஊர் ஆட்டத்துக்கும் சேர்த்து எட்டாயிரம் டிக்கெட். ரேஞ்சர்ஸ் வந்தால் ஒரு நாளைக்கு நாலாயிரம் வைத்துக்கொண்டாலும், இரண்டு நாளில் அதே எட்டாயிரம். ஒரு வருஷத்து விளைச்சல் கூடுதலாகக் கிடைத்த மாதிரி. நல்ல காசுதான், மறுக்கவில்லை. ஒழுகுகிற கூரையை மாற்றலாம், பழைய கடனை அடைக்கலாம். ஆனால் அதை வைத்து வாழ்க்கையை மாற்ற முடியாது. அடுத்த வருஷம் பழைய 450 பேர்தான்.

அந்தக் கூட்டத்தைச் சமாளிப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. எல்ஜின் சிட்டியின் மைதானம் பரோ பிரிக்ஸில் நாலாயிரத்து ஐந்நூறு பேர் வரை நிற்கலாம். நவம்பரில் ரேஞ்சர்ஸ் வருவதற்காக டிக்கெட் விற்றார்கள், விற்றார்கள், கொள்ளளவைத் தாண்டி ஆயிரத்துக்கும் மேல் விற்றுவிட்டார்கள். கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, பாதுகாப்பு கருதி ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டபிறகு சோறு போதாது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அந்த நிலைமை. வேறு யாராவது செய்திருந்தால் எரிச்சல் வந்திருக்கும். வாராவாரம் தன்னார்வலர்கள் நின்று டிக்கெட் கிழிக்கிற இடத்தில் நடந்தது என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

ஜூலை 29 அன்று, லீக் தொடங்கும் முன்பே, கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான சேலஞ்ச் கோப்பையில் பிரெக்கின் சிட்டியோடு ரேஞ்சர்ஸின் முதல் ஆட்டம். ஆடுவதற்கான தற்காலிக அனுமதியே இரண்டு நாள் முன்புதான் கிடைத்திருந்தது. பிரெக்கின் மைதானத்தில் ஒரு பக்கம் காலரிக்குப் பதில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிவேலி நிற்கும். சில மாதம் முன்புவரை கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பான செல்டிக்கோடு மோதியவர்கள் வேலிக்குள் விழுந்த பந்தைத் தேடினார்கள். கூடுதல் நேரம் வரை இழுத்து 2-1 என்று ரேஞ்சர்ஸ் ஜெயித்தது.

ஆகஸ்ட் 11 அன்று முதல் லீக் ஆட்டம், பீட்டர்ஹெட்டில். வடகடல் ஓரத்து மீன்பிடித் துறைமுகம். காற்று என்றால் அப்படியொரு காற்று. ரேஞ்சர்ஸ் சார்பில் 17 வயது பேரி மெக்கே முதல் கோல். பீட்டர்ஹெட்டுக்கு ரோரி மெக்காலிஸ்டர் சமன் செய்தார். மெக்காலிஸ்டர் பிழைப்புக்கு பிளம்பர். பெரிய கிளப்பில் முழுநேர ஆட்டக்காரராகப் போயிருக்கக்கூடிய ஆள். குழாய் ரிப்பேர் வேலையையும் பீட்டர்ஹெட்டையும் விடாமல் கோல் மேல் கோல் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்காட் மெக்லாக்லின் இன்னொன்று போட, எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பீட்டர்ஹெட் 2-1 என்று முன்னே நின்றது. கடைசி நிமிஷத்தில் ஆண்டி லிட்டில் அடித்து ரேஞ்சர்ஸ் மானத்தைக் காப்பாற்றினார். அதன்பின் பெர்விக்கில் 1-1, ஆனனில் 0-0. ஐப்ராக்ஸில் வரிசையாக ஐந்தைந்து கோல் அடிப்பார்கள், வெளியூர் போனால் திணறுவார்கள். ஆனனில் செயற்கைப் புல், மற்ற இடங்களில் மேடுபள்ளம், குறுகிய ஆடுகளம், காதருகே கத்தும் கூட்டம். லாசியோவில் ஆடிய எமில்சன் கிரிபாரிக்கும் சரி, அந்த ஆகஸ்டிலேயே ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஆடிய இயன் பிளாக்குக்கும் சரி, இதெல்லாம் புதுப் பாடம்.

அக்டோபர் 6 வந்தது. ஸ்டர்லிங் ஆல்பியன் அன்று பட்டியலில் கடைசி. முந்தைய இரண்டு வருஷமும் ஒவ்வொரு படியாகக் கீழே விழுந்து வந்த கிளப். 2010-லிருந்து ரசிகர்கள் பங்கு போட்டு வாங்கி நடத்துகிற கிளப் அது. ஓனர் என்று தனியாக ஒரு பணக்காரர் கிடையாது, காலரியில் நிற்பவர்தான் ஓனர். மேனேஜர் கிரெய்க் மெக்டொனால்ட் அன்று மைதானத்துக்கே வரவில்லை. காரணம், அன்றைக்கு அவருக்குக் கல்யாணம். நாள் குறித்தபோது ரேஞ்சர்ஸ் இந்த டிவிஷனுக்கு வருவார்கள் என்று யார் கண்டது? முகூர்த்தத்தை மாற்ற முடியாது, ஆட்டத்தையும் மாற்ற முடியாது. உதவியாளர்கள் அணியைப் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் பிரையன் அல்லிசன் ஒரு கோல் அடித்தார். மிச்சம் 80 நிமிஷத்துக்கும் மேல் ரேஞ்சர்ஸ் முட்டி மோதியது. கதவு திறக்கவே இல்லை. 1-0. மாப்பிள்ளைக்கு மண்டபத்தில் யார் வந்து சொன்னார்களோ, அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ரேஞ்சர்ஸ் அந்த சீசனில் தோற்ற லீக் ஆட்டங்கள் மொத்தம் மூன்று. ஸ்டர்லிங் ஒன்று. மற்ற இரண்டும் ஐப்ராக்ஸிலேயே, இரண்டும் 2-1: மார்ச்சில் ஆனன், ஏப்ரலில் பீட்டர்ஹெட். ஆனன் ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஐப்ராக்ஸில் அந்த ஊரையே குடும்பத்தோடு ஐந்து முறை உட்கார வைக்கலாம். அவர்கள் லீக்குக்குள் வந்ததே 2008-ல், பக்கத்து ஊர் கிரெட்னா கிளப் காசில்லாமல் கலைந்தபோது காலியான இடத்தில். பணம் தீர்ந்து செத்த ஒரு கிளப்பின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், பணம் தீர்ந்து கீழே வந்த இன்னொரு கிளப்பை அதன் வீட்டிலேயே தோற்கடித்தார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த பகுதி குயின்ஸ் பார்க்.

1867-ல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப். 1872-ல் இங்கிலாந்தோடு நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினோரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள்தான். 2019 வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கொடுக்காத அமெச்சூர் கிளப். விளையாடுவதற்காகவே விளையாடு என்பது அவர்களுடைய லத்தீன் முழக்கத்தின் பொருள். இத்தனைக்கும் அப்போது அவர்களுடைய வீடு எது தெரியுமா? 52,000 இருக்கை கொண்ட தேசிய மைதானம் ஹாம்ப்டன் பார்க். 2016 தொடக்கத்தில், கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். ஒரு பக்க ஸ்டாண்ட் மட்டும் திறந்திருந்தது. நாங்கள் ஐந்நூறு பேர் இருந்திருப்போம். எதிரே ஆளில்லாத இருக்கைகள் கண்ணுக்கெட்டிய வரை. கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைத் திட்டியது எதிர் ஸ்டாண்டில் பட்டு இரண்டாம் முறை கேட்டது. இடைவேளையில் ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும், பாவ்ரில் என்ற சூடான மாட்டிறைச்சிச் சாறும் வாங்கினேன். பை சூடு ஆறுவதற்குள் கடித்து, உருகிய கொழுப்பு ஸ்வெட்டர் கைக்குள் ஓடிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் கைக்குட்டையை நீட்டினார். 2012 டிசம்பர் 29 அன்று, ரேஞ்சர்ஸ் வந்தபோது, இதே இடத்தில் 30,000-க்கும் மேல் கூட்டம். ஃப்ரேசர் எய்ர்ட் என்ற 17 வயதுப் பையன் ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்த கோலில்தான் ரேஞ்சர்ஸ் 1-0 என்று தப்பித்தது.

அந்தக் குயின்ஸ் பார்க் அணியில் இடது பின்வரிசையில் ஒரு பையன். உடம்பு சின்னதாக இருக்கிறது என்று செல்டிக் அனுப்பிவிட்ட பையன். சம்பளம் இல்லாத கிளப் என்பதால் அதே ஹாம்ப்டன் அலுவலகத்தில் போன் எடுத்து டிக்கெட் விற்கும் வேலையும் பார்த்தான். 2012 ஆகஸ்ட் 18 அன்று, கையில் காசில்லாமல் இந்த வயதில் வாழ்க்கை குப்பை, ஒரு வேலை வேண்டும் என்று ட்விட்டரில் எழுதினான். தேதியைக் கவனியுங்கள், ஐப்ராக்ஸில் 49,118 பேர் கூடிய அதே சனிக்கிழமை. பையன் பெயர் ஆண்ட்ரூ ராபர்ட்சன். சீசன் முடிந்ததும் டன்டீ யுனைடெட் எடுத்துக்கொண்டது, ஒரு வருஷத்தில் ஹல் சிட்டி, 2017-ல் லிவர்பூல், 2019-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, ஸ்காட்லாந்து அணியின் கேப்டன். அதே குயின்ஸ் பார்க்கில் முன்வரிசையில் லாரன்ஸ் ஷாங்க்லாண்ட் என்ற இன்னொரு பதின்வயதுப் பையன். பின்னாளில் ஹார்ட்ஸ் கேப்டன், ஸ்காட்லாந்து ஸ்டிரைக்கர். அந்த வருஷம் டிவி கேமரா முழுக்க ரேஞ்சர்ஸின் சம்பளக்காரர்கள் மேல் இருந்தது. டிவிஷனின் மிகப் பெரிய ஆட்டக்காரன் பஸ் காசுக்கு யோசித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். குயின்ஸ் பார்க் மூன்றாம் இடத்தில் முடித்தது.

பட்டம் கிடைத்த விதம் சப்பென்று இருந்தது. மார்ச் 30, மான்ட்ரோஸில் ரேஞ்சர்ஸ் 0-0. அதே நாளில் குயின்ஸ் பார்க் எல்ஜினிடம் தோற்றதால் கணக்கு முடிந்தது. கடைசியில் 25 வெற்றி, எட்டு டிரா, மூன்று தோல்வி, 83 புள்ளி. இரண்டாம் இடத்து பீட்டர்ஹெட்டை விட 24 அதிகம். நீங்கள் சொன்ன 'ஒருபக்கம்' இதுதான். ஆனால் சம்பளப் பட்டியலில் இருந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் பதினோரு முறை ஜெயிக்காமல் போனது சின்ன விஷயமா? அதற்குள் சங்கத்துக்காரர்கள் லீக்கையே மாற்றி அமைக்கக் கிளம்பிவிட்டார்கள். 12-12-18 என்று, 12, 12, 18 கிளப்புகள் கொண்ட மூன்று படிகளாகப் பிரிக்கும் ஒரு திட்டம். அது நிறைவேறியிருந்தால் ரேஞ்சர்ஸ் பட்டம் வென்றும் மறுபடி அடித்தட்டு 18-லேயே இருந்திருக்கும். ஏப்ரலில் செயின்ட் மிர்ரனும் ராஸ் கவுன்டியும் எதிர்த்து ஓட்டுப் போட, திட்டம் கவிழ்ந்தது. கோடையில் பிரீமியர் லீக், கீழ் மூன்று டிவிஷன்கள் என்று தனித்தனியாக இருந்த இரண்டு லீக் அமைப்புகளும் ஒன்றாக இணைந்தன.

மே 4, கடைசி ஆட்டம். பெர்விக் ரேஞ்சர்ஸ் ஐப்ராக்ஸுக்கு வந்தது. பெர்விக் ஊர் இருப்பது இங்கிலாந்து எல்லைக்குள். கிளப் மட்டும் ஸ்காட்லாந்து லீக்கில். 1967-ல் இந்த பெர்விக்தான் ஸ்காட்டிஷ் கோப்பையில் சாமி ரீட் அடித்த கோலில் ரேஞ்சர்ஸை வெளியேற்றியது. அன்று பெர்விக்கின் கோல்கீப்பரும் மேனேஜருமாக இருந்த ஜாக் வாலஸ் பிறகு ரேஞ்சர்ஸுக்கே மேனேஜரானார். இந்த முறை 1-0 ரேஞ்சர்ஸ் பக்கம். கூட்டம் 50,048, தங்கள் சாதனையைத் தாங்களே முறியடித்தார்கள்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பீட்டர்ஹெட் மேலே போகும் பிளே ஆஃபில் ஈஸ்ட் ஃபைஃபிடம் தோற்று, அடுத்த வருஷம் பட்டத்தோடு ஏறியது. ஸ்டர்லிங்கும் 2014-ல் ஏறியது. 2014-15 முதல் கடைசி இடத்துக்காரர் கீழே விழும் வழி திறந்தது. அந்த வழியாக முதலில் விழுந்தவர்கள் யார் என்று ஊகித்திருப்பீர்கள்: 2016-ல் எடின்பரோ சிட்டியிடம் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர். 2019-ல் பெர்விக், கோவ் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 7-0. ரேஞ்சர்ஸ் கூட்டம் தந்த காசு இரண்டு பேரையும் தாங்கிப் பிடிக்கவில்லை.

விழுந்த இருவரும் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் படியான லோலேண்ட் லீக்கில். 2021-ல் அந்த லீக்குக்குள் பெரிய கிளப்புகளின் பி அணிகளையும் சேர்த்தார்கள். அதனால் பெர்விக்கில் மறுபடியும் நீலச்சட்டை வந்து இறங்கியது. இந்த முறை வந்தவர்கள் ரேஞ்சர்ஸின் பத்தொன்பது வயதுப் பையன்கள், நாலாயிரம் பேர் கூட வரவில்லை, டிக்கெட்டும் கூடுதலாக அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை.